ஜிஎம் ரூலை எப்ப வளைக்கலாம்? புதுசா நடத்தறவங்க பண்ற தப்புங்க

கோத்தகிரில மழை பிடிச்சா ஞாயித்துக்கிழமை எங்கயும் நகர முடியாது, அதனால எங்க செட் உக்காந்து டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளாளுக்கு ஒரு கேரக்டர் எடுத்து டைஸ் உருட்டி கதையா ஆடற கேம்) ஆடும். இப்ப சின்ன பசங்க சிலர் ஜிஎம் (கதை சொல்லி, ரூல் பாத்து ஆட்டத்த நடத்தறவர்) பண்ண ஆரம்பிச்சிருக்காங்க, நாங்கல்லாம் முன்னாடி பண்ணின தப்பையே வரிசையா பண்றாங்க. ரூல் படிக்காம வர்றது, டைஸ் மறக்கறது எல்லாம் தானா சரியாகிடும், அத விடுங்க. நாங்க ஆடறது 2014ல வந்த அஞ்சாவது எடிஷன், கீழ சொல்றதெல்லாம் அந்த ரூல்தான்.

ஸ்க்ரீனுக்குப் பின்னாடி நம்பரை மாத்தறது

இதப் பாத்தா எனக்கு இன்னிக்கும் கோவம் வரும். போன மாசம் ஒரு தம்பி முதல் லெவல் பார்ட்டி (ஆடறவங்களோட கேரக்டர் கூட்டம்) முன்னாடி ஓகர்ங்கற பெரிய அரக்கன் ஒண்ண இறக்கினான். அதோட தடி பட்டா டேமேஜ் 2டி8+4 (எட்டு பக்க டைஸ் ரெண்டு உருட்டி 4 கூட்டணும்), எதிர்ல நின்ன விஸார்டுக்கு (மந்திரவாதி) மொத்தமே 8 ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளி, ஒரே அடில 16 வந்தா டெத் சேவ் (சாகாம பொழைக்க உருட்டற சான்ஸ்) கூட கிடையாது, ஆள் காலி. தம்பி, ஜிஎம் டைஸ மறைக்க வைக்கற ஸ்க்ரீனுக்குள்ள அடி படுதான்னு உருட்டினான், ஒரு செகண்ட் பாத்தான், "மிஸ்"னு சொல்லிட்டு டைஸ எடுக்கப் போனான். அதுக்குள்ள வர்க்கி எடுக்க எட்டின பொண்ணு பாத்துட்டா, 20 பக்க டைஸ்ல 19, பட்டிருக்க வேண்டிய அடி. அப்ப யாரும் வாயத் திறக்கல. அடுத்த வாரம் நெஜமாவே ரெண்டு அடி தப்பிச்சப்ப விஸார்ட் ஆடற பையன் கேட்டான், "அண்ணா, மிஸ்ஸா இல்ல நீங்களா விட்டீங்களா?" அவ்ளோதான், அதுக்கப்புறம் அந்த டேபிள்ல யார் பொழச்சாலும் ஒரு கைதட்டல் இல்ல.

இத்தனைக்கும் வழி புக்லயே இருக்கு. மெலீ (கிட்ட நின்னு அடிக்கற) அடில 0 ஹெச்பிக்கு இறங்கினா, அடிச்சவன் கொல்லாம மயக்கத்துல போட்டுடலாம், டேமேஜ் விழற அந்த நேரத்துல முடிவு பண்ணா போதும், ஓகரும் பண்ணலாம். ஓகர் அந்த விஸார்ட தோள்ல தூக்கிப் போட்டுட்டு குகைக்குப் போயிருந்தா மத்தவங்களுக்கு அடுத்த வாரத்துக்கு வேலையே கிடைச்சிருக்கும். எந்த நம்பர் விழுந்தா உங்களால தாங்க முடியாதோ, அது வரக்கூடிய இடத்துல டைஸையே உருட்டாதீங்க.

20 விழுந்தா எதுவும் நடக்கும்னு விடறது

20 போட்டா கட்டாயம் படும்ங்கறது அட்டாக்குக்கு. பூட்டத் திறக்கறதுக்கும் ராஜாவ சம்மதிக்க வைக்கறதுக்கும் இல்ல.

ஆட்டத்த நிறுத்திட்டு புக் புரட்டறது

ஒரு முடிவச் சொல்லிட்டு ஓட்டுங்க. அப்புறம் தேடிப் பாத்து, தப்புன்னா அடுத்த வாரம் சொல்லிடுங்க.

ஃப்ரெண்டுக்கு மட்டும் வளைக்கறது

கூடவே கூடாது.

குதிச்சப்புறம் ரூலை மாத்தறது

விழற ஒவ்வொரு 10 அடிக்கும் 1டி6, அதிகபட்சம் 20டி6, சராசரி 70தான் வரும். அப்ப 100 ஹெச்பி இருக்கற ஃபைட்டர் கோடநாடு வியூ பாயிண்ட்ல இருந்து குதிச்சாலும் தூசி தட்டிட்டு நடந்துடுவான். அந்தப் பள்ளத்த எட்டிப் பாத்தவங்க யாரும் இத ஒத்துக்க மாட்டாங்க, இங்க தாராளமா வளைங்க, வளைச்சே ஆகணும். ஆனா அவன் விளிம்புல நிக்கும்போதே "இங்க விழுந்தா சாவுதான், புக் கணக்கு கிடையாது"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிடுங்க. கயிறு தேடுவான், இல்ல ஃபெதர் ஃபால் (விழறவங்கள மெதுவா இறக்கற மந்திரம்) யார்கிட்டயாவது இருக்கான்னு கேப்பான்.