மாநில பட்ஜெட்டில் முதியோருக்கான பணத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி?

தமிழ்நாடு அரசு முதியோருக்காக ஆண்டுக்கு எவ்வளவு செலவு செய்கிறது? இந்தக் கேள்விக்கு பட்ஜெட் உரையில் பதில் கிடைக்காது. உரையில் பெரும்பாலும் புது அறிவிப்புகள்தான் இருக்கும். 2025-26 உரையில் 'அன்புச்சோலை' வந்தது: முதியோர் பகலில் கூடிப் பொழுதைக் கழிக்க 25 மையங்கள், 10 கோடி ரூபாய். செய்தித்தாள்களும் அதைத்தான் எழுதின. மாதாமாதம் போகிற உதவித்தொகையோடு வைத்துப் பாருங்கள். தலைக்கு மாதம் 1,200 என்றால் ஆண்டுக்கு 14,400. அந்த 10 கோடி ஏழாயிரம் பேருக்குக்கூட ஓராண்டுக்குக் காணாது.

எங்கள் பகுதி மூத்த குடிமக்கள் சங்கத்துக்கு ஒரு மனு தயாரிக்க இந்தக் கணக்கு தேவைப்பட்டது. தேடிய வழியை இங்கே எழுதி வைக்கிறேன். உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பது வேறு கதை, அது இந்தப் பதிவில் இல்லை.

படி 1: சரியான புத்தகத்தை எடுங்கள்

நிதித்துறையின் பட்ஜெட் தளத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு மானியக் கோரிக்கைப் புத்தகம் இருக்கும், அதாவது எந்தச் செலவுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று சட்டமன்றத்தில் கேட்கிற கணக்கு. 'ஓய்வூதியம்' என்று பார்த்தவுடன் கோரிக்கை எண் 50-ஐத் திறந்துவிடாதீர்கள். அது அரசு ஊழியர்களின் ஓய்வூதியம், கணக்குத் தலைப்பு, அதாவது செலவின் வகையைக் காட்டும் எண், 2071. அந்தப் பெரிய தொகையை முதியோர் நலச் செலவு என்று எழுதினால் மனு அங்கேயே படுத்துவிடும்.

நமக்கு வேண்டியது கோரிக்கை எண் 41, வருவாய்த் துறை. முதியோர் உதவித்தொகையைக் கவனிப்பது சமூக நலத்துறை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தாலுகா அலுவலகத்தில் அதற்கென்று உட்கார்ந்திருப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர், அவர் வருவாய்த் துறை ஆள். சமூக நலத்துறையின் புத்தகம், எண் 45, அப்புறம் தேவைப்படும். இரண்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சொல்லைத் தேடாதீர்கள், எண்ணைத் தேடுங்கள்

அரசு பிடிஎஃப் பலவற்றில் தமிழ் பழைய எழுத்துருவில் இருக்கிறது. கண்ணுக்கு 'முதியோர்' என்று தெரியும், கண்ட்ரோல் எஃப் போட்டால் ஒன்றும் வராது. 2235 என்று தேடுங்கள், வந்துவிடும். 'சமூகப் பாதுகாப்பும் நலனும்' என்ற பெருந்தலைப்பு அது. அதற்குள் 60 என்ற துணைத்தலைப்பு, அதற்குள் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களுக்கான 102 என்ற சிறுதலைப்பு. ஆக 2235-60-102. இந்த எண்கள் இந்தியா முழுக்க ஒன்றே. புதுச்சேரிக்காரர்களும் இதையே தேடலாம்.

சமூக நலத்துறைப் புத்தகத்தில் 2235-02-104 பாருங்கள். முதியோர், இயலாதோர், ஆதரவற்றோர் நலனுக்கான சிறுதலைப்பு.

படி 3: மூன்று இடங்களைக் கூட்டுங்கள்

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 102-இல் வரும் தொகையைப் பயனாளி எண்ணிக்கையோடு பொருத்திப் பார்த்தால் இடிக்கும். பயனாளி அதிகமாக இருப்பார்கள், பணம் குறைவாக இருக்கும். மீதி எங்கே?

ஒரே திட்டத்தின் பணத்தில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்டம் என்று 789 என்ற சிறுதலைப்பிலும், இன்னொரு பங்கைப் பழங்குடியினர் துணைத்திட்டம் என்று 796-இலும் எழுதுவார்கள். பணம் அதே திட்டத்துக்குத்தான் போகிறது, எழுதும் இடம்தான் வேறு. எனவே 102, 789, 796 மூன்றிலும் அதே திட்டத்தின் பெயர் எங்கே வருகிறது என்று பார்த்துக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு வரியின் முன்னும் இருக்கும் எழுத்துக் குறியீட்டை நம்பிப் பொருத்தாதீர்கள், அது மூன்று இடத்திலும் ஒத்துப்போக வேண்டியதில்லை. பெயரை வைத்துப் பொருத்துங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 102-இல் இருப்பதெல்லாம் முதியோர் பணம் இல்லை. விதவையர், மாற்றுத்திறனாளிகள், கணவனால் கைவிடப்பட்டோர், திருமணமாகாத ஏழைப் பெண்கள் என்று பல திட்டங்கள் அங்கே வரிசையாக நிற்கும். நான் இரண்டு கூட்டல் போடுவேன். முதலாவதில் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டமும், முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் வரும் முதியோர் உதவியும் மட்டும். இரண்டாவதில் எல்லாமே. மனுவில் எதை எழுதினாலும் எந்தக் கூட்டல் என்று சொல்லிவிடுங்கள்.

படி 4: காற்புள்ளிகளை எண்ணுங்கள்

பக்கத்தின் மேல் மூலையில் 'ரூபாய் ஆயிரத்தில்' என்று இருக்கும். 15,00,00 என்று அச்சாகியிருந்தால் அது ஒன்றரை லட்சம் இல்லை, 15 கோடி. இடமிருந்து கோடி, லட்சம், ஆயிரம் என்று காற்புள்ளி பிரித்துக் கொடுக்கிறது. கணினியில் ஏற்றினால் 10,000-ஆல் வகுங்கள், கோடி வந்துவிடும். ஏதாவது வரியில் வெறும் '1' இருந்தால் திட்டத்துக்கு ஆயிரம் ரூபாய்தானா என்று கொதிக்க வேண்டாம். தலைப்பைத் திறந்து வைக்க ஒப்புக்குப் போட்ட தொகை அது.

கருவி விஷயத்தில் என் கட்சி லிப்ரே ஆஃபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள். இலவசம், இந்த வேலைக்குத் தாராளம். பிடிஎஃப் அட்டவணையைத் தானாகப் பிரித்தெடுக்க டேபுலா இருக்கிறது. பத்துப் பதினைந்து வரிக்கு அதை நிறுவி மல்லுக்கட்டுவதைவிடக் கையால் தட்டச்சு செய்வது சீக்கிரம் முடியும். கைபேசியில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 5: எந்தப் பத்தியை எதோடு ஒப்பிடுவது

முடிந்த ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று நான்கு பத்திகள் இருக்கும். கணக்கைக் கணக்கோடும், மதிப்பீட்டை மதிப்பீட்டோடும்தான் ஒப்பிட வேண்டும்.

அப்படி ஒப்பிட்டாலும் ஒரு கண்ணி இருக்கிறது. உதவித்தொகை 1,000-இலிருந்து 1,200 ஆனது 2023 ஆகஸ்டில். ஆக 2023-24-இல் ஒருவருக்கு நான்கு மாதம் பழைய தொகை, எட்டு மாதம் புதுத் தொகை, மொத்தம் 13,600. அடுத்த ஆண்டு 14,400. பயனாளி ஒருவர்கூடக் கூடாமலே செலவு ஏறக்குறைய 6 சதவீதம் ஏறிவிடும். இதை 'கூடுதல் ஒதுக்கீடு' என்று யாராவது மேடையில் சொன்னால் கையைத் தூக்கிக் கேளுங்கள்.

கூட்டி முடித்ததும் ஒரு சோதனை: ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 144 கோடி. முதியோர் மட்டும் உள்ள உங்கள் முதல் கூட்டலை 144-ஆல் வகுத்தால் எத்தனை லட்சம் பேர் என்று கிடைக்கும். வருவாய்த் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் இருக்கும் பயனாளி எண்ணிக்கைக்கு அது பக்கத்தில் இல்லையென்றால் படி 3-க்குத் திரும்பிப் போங்கள்.

மத்திய அரசின் பங்கைத் தனியாகக் கூட்டத் தேவையில்லை. 60 முதல் 79 வயது வரை 200, 80-க்கு மேல் 500 என்று தருகிறார்கள், அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கை வரைதான். அந்தப் பணம் மாநிலத்தின் வரவில் சேர்ந்து, இந்தச் செலவுத் தலைப்புகள் வழியாகத்தான் வெளியே போகிறது. மறுபடி கூட்டினால் இரட்டைக் கணக்கு. 1,200-இல் மாநிலத்தின் கை எவ்வளவு என்று கேட்டால், 70 வயதுக்காரர் ஒருவருக்குக் குறைந்தது 1,000.

மற்ற துறைகள்

சென்னையில் 60 வயதைக் கடந்தவர்களுக்கான இலவசப் பேருந்து டோக்கன் போக்குவரத்துத் துறையின் கணக்கு. மக்களைத் தேடி மருத்துவம் சுகாதாரத் துறை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், அதாவது வயதானவர்கள் வீட்டுக்கே ரேஷன் போவது, கூட்டுறவுத் துறை. இவற்றில் முதியோருக்கு எவ்வளவு என்று பிரிக்கப் போனால் தலைசுற்றும். நான் பெயரை மட்டும் எழுதி, தொகையை விட்டுவிட்டேன். 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையில் நடக்கும் தீர்ப்பாயத்துக்கும் தனி வரி தேடி அலையாதீர்கள். கோட்டாட்சியருக்கு இருக்கிற வேலைகளோடு இதுவும் ஒன்று.

சேர்க்கை 1: மகளிர் உரிமைத் தொகையை ஏன் சேர்க்கவில்லை என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். வயதான பெண்களும் அதை வாங்குகிறார்கள், உண்மைதான். ஆனால் அது வயதைப் பார்த்துத் தருவதில்லை. முதியோர் உதவித்தொகை வாங்குபவருக்கு அது கிடையாது என்பதும் விதி. தனியாகவே இருக்கட்டும்.

சேர்க்கை 2: பாலக்காட்டு வாசகர் ஒருவர் கேரளக் கணக்கு பொருந்தவில்லை என்கிறார். எண்கள் அதேதான். அங்கே ஓய்வூதியம் கொடுப்பதற்காகவே 2018-இல் ஒரு நிறுவனம் தொடங்கி, அது கடன் வாங்கித் தரும் ஏற்பாடும் இருக்கிறது. பட்ஜெட் தலைப்பை மட்டும் பார்த்தால் முழுப் படம் வராது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் மாநில நிதி அறிக்கையையும் சேர்த்துப் படியுங்கள்.

சேர்க்கை 3: "எங்கள் தாலுகாவுக்கு எவ்வளவு?" பட்ஜெட் புத்தகத்தில் தாலுகா கணக்கு இருக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் தனி வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி. 30 நாளில் பதில் தர வேண்டும். 'எவ்வளவு ஒதுக்கினீர்கள்' என்று கேட்காதீர்கள். திட்டவாரியாக, மாதவாரியாக எத்தனை பேருக்குப் பணம் போனது, எத்தனை மனு நிலுவையில் உள்ளது, எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள், நீக்கியதற்கான காரணம் என்ன என்று கேளுங்கள். நான்கையும் ஒரே தாளில், எண் போட்டு.