கூரையைப் பார்த்து வாங்குங்கோ

கூரை திறக்கிற கார் (கொன்வேட்டிபிள்) ஒன்று வாங்கப்போகிறேன் என்றதும் அம்மா சொன்னது: “லண்டன் மழைக்குக் குடையை வாங்கு பிள்ளை.” ஆறு வருஷமாகிறது. ஹரோவில் எங்கள் வீட்டு வாசலில் இன்னும் அந்தக் கார்தான் நிற்கிறது. 2007ஆம் ஆண்டு சாப் 9-3, துணிக்கூரை, நாலு பேர் இருக்கலாம், 1,850 பவுண்ஸ். அதற்குப் பிறகு சொந்தக்காரர் மூன்று பேருக்குக் கார் பார்க்கப் போய்விட்டேன். நான் மெக்கானிக் இல்லை, இரவு வேலை செய்கிற நேர்ஸ். ஆனாலும் இந்த வகைக் காரில் எஞ்சினைவிடக் கூரைதான் காசைத் தின்னும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவள்.

வாங்குகிற காலம் மார்கழி, தை. சித்திரையில் முதல் வெயில் அடித்த சனிக்கிழமையோடு விலை ஏறிவிடும், விற்கிறவருக்கும் பேரம் பேச மனம் வராது. இன்னொன்று, மாரியில் போனால் மழையே உங்களுக்காகக் காரைச் சோதித்துத் தரும். மழை பெய்த மறுநாள் போவது இன்னும் நல்லது.

போகமுன் நம்பர் பிளேட்டை வைத்து வீட்டிலிருந்தே மூன்று விஷயம் பார்க்கலாம். அரசாங்க இணையத்தளத்தில் எம்.ஓ.ரி. (வருஷாந்தக் கார்ப் பரிசோதனை) வரலாறு இலவசம். ஒவ்வொரு வருஷமும் எத்தனை மைல், எதில் தவறியது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் எல்லாம் இருக்கும். ஒரே குறிப்பு மூன்று வருஷம் தொடர்ந்து வந்திருந்தால், அந்த மனிதர் எதையும் திருத்தாமல் ஓடியிருக்கிறார் என்று அர்த்தம். அடுத்தது யூலெஸ், புகை அதிகம் விடுகிற கார்களுக்கு லண்டனில் அறவிடுகிற கட்டணம். 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க அது இருக்கிறது, பொருந்தாத காருக்கு நாளுக்கு 12.50 பவுண்ஸ். பெற்றோல் கார் யூரோ 4 (ஐரோப்பியப் புகைத் தரம்) என்றால் தப்பலாம், 2006க்குப் பிந்திய பெற்றோல் கார்கள் பெரும்பாலும் சரிவரும். டீசலுக்கு யூரோ 6 வேண்டும். மலிவாக வருகிற பழைய டீசல் கொன்வேட்டிபிள் லண்டன்காரருக்கு உதவாது.

மூன்றாவது ரோட் டாக்ஸ். இதில்தான் என் மச்சான் மாட்டுப்பட்டார். கிலோமீற்றருக்கு 225 கிராமுக்கு மேல் கார்பன் டையொக்சைட் விடுகிற கார், 2006 மார்ச் 23க்கு முன்னர் பதிந்தது என்றால் ஒரு மட்டத்துக்கு மேல் வரி ஏறாது. அந்தத் திகதியிலிருந்து 2017 மார்ச் முடியும்வரை பதிந்தது என்றால் வருஷத்துக்கு 700 பவுண்ஸுக்கு மேல். ஒரே மொடலில் கை கியர் அந்த 225 கோட்டுக்குக் கீழேயும் ஆட்டோ கியர் கோட்டுக்கு மேலேயும் விழலாம். லொக்புக்கில் (காரின் பதிவுப் பத்திரத்தில்) அந்தக் கார்பன் இலக்கத்தைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். விற்றவர் கட்டிய வரியும் உங்களுக்கு வராது, வாங்கின நிமிஷமே நீங்கள் கட்டவேண்டும்.

எந்தக் கார்? நான் துணிக்கூரைக் கட்சி. ஃபோக்ஸ்வாகன் ஈயோஸ், வொல்வோ சி70 (2006க்குப் பிந்தியது), பேஜோ 307 சிசி எல்லாம் இரும்புக்கூரை மடிகிறவை. மூடியிருக்கும்போது சத்தம் குறைவு, கத்தியால் கிழிக்கவும் முடியாது. ஆனால் ஈயோஸின் கூரை ஐந்து துண்டு. ஒவ்வொரு இடுக்கிலும் ரப்பர், அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் போடவேண்டும். கூரை மடிந்தால் டிக்கியில் ஒரு பயணப்பெட்டிக்கு மேல் போகாது. ஆடி ஏ4 கப்ரியோலே, சாப் இரண்டும் துணி. சாப் கொம்பனி 2011 டிசம்பரில் வங்குரோத்தானது. சாமான் கிடைக்காது என்று எல்லாரும் வெருட்டினார்கள். ஸ்வீடனில் முன்பு ஓரியோ என்ற பெயரில் இருந்த கொம்பனி அந்தச் சாமான்களைத் தொடர்ந்து விற்கிறது, இதுவரை எனக்குத் தேவைப்பட்டது எதுவும் கிடைக்காமல் போகவில்லை. காரின் பின்னால் 1.8t என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது இரண்டு லீற்றர் எஞ்சின். இன்சூரன்ஸுக்குப் படிவம் நிரப்பும்போது குழம்பாதீர்கள்.

இனிக் காருக்குப் பக்கத்தில் போவோம். லூட்டனில் ஒரு கார் பார்த்தேன். வெளியே பளபளப்பு. உள்ளே கண்ணாடியில் மூன்று வாசனை மட்டைகள் தொங்கின, மூன்று எதற்கு? முன்சீற்றின் கீழே கம்பளத்தை மூலையில் தூக்கி, அடியிலிருக்கிற பஞ்சை விரலால் அமத்தினேன். தண்ணீர் கையில் வந்தது. மணம், மழையில் நனைந்த சாக்கு மணம். சில கார்களில் மின்சாரப் பெட்டிகளை அந்தக் கம்பளத்துக்குக் கீழேதான் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அங்கே போனால் யன்னல், பூட்டு, அலாரம் எல்லாம் பேய் பிடித்தமாதிரி ஆடும். தேத்தண்ணி தந்த மனுசருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கூரையை இரண்டு தரம் திறந்து மூடச் சொல்லுங்கள். ஒரு தரம் எப்படியும் வேலை செய்யும். எஞ்சின் ஓடட்டும், டிக்கிக்குள் மடிகிற கூரையையும் சாமானையும் பிரிக்கிற தடுப்பு சரியாக இழுத்திருக்கட்டும், இல்லாவிட்டால் நல்ல கூரையும் அசையாது. என்னுடையதற்கு இருபது விநாடியளவு பிடிக்கும். மோட்டர் முக்குகிறதா, ஒரு பக்கம் முந்துகிறதா என்று கேட்டுப் பாருங்கள். டிக்கி ஓரங்களில் ஒயில் பிசுக்கு இருந்தால் ஹைட்ரோலிக் குழாய் கசிகிறது. பிறகு துணி மடிகிற கோடுகளைத் தடவிப் பாருங்கள், பின்கண்ணாடி துணியோடு ஒட்டுகிற விளிம்பை நகத்தால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். “பற்றரி வீக், அதுதான் கூரை திறக்கேல்லை” என்று சொன்னால் பற்றரி மாற்றிவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். சின்ன வேலை என்றால் அவரே செய்திருப்பார்.

காற்றுத் தடுப்பு வலை இருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள். பின்சீற்றுக்கு மேல் பூட்டுகிறது அது. மோட்டர்வேயில் அது இல்லாமல் கதைக்கேலாது. ஆனால் அதைப் போட்டால் பின்னால் ஒருத்தரும் இருக்கேலாது, நாலு சீற் கார் இரண்டு சீற் ஆகிவிடும்.

வாங்கின பிறகு முக்கியமான வேலை ஒன்றுதான், வடிகால். கூரை மடிகிற பள்ளத்தில் விழுகிற தண்ணீர் சின்னக் குழாய்களால் கீழே போகும். எங்கள் தெருவில் பெரிய மரங்கள். முதலாவது இலையுதிர்காலம் நான் கவனிக்கவில்லை, ஒருநாள் இரவு வேலை முடிந்து வந்தால் பின்சீற்றின் கீழே குளம். பிழை என்னுடையதுதான். இப்போது ஐப்பசி, கார்த்திகையில் மாதம் இரண்டு தரம், புல்லு வெட்டுகிற மெசினின் நைலோன் கயிற்றை உள்ளே விட்டு மெதுவாகக் குத்தி எடுக்கிறேன். பிறகு ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி, சில்லுக்குப் பக்கத்தில் வடிகிறதா என்று பார்ப்பேன். காற்றுப் பம்பால் அடிக்காதீர்கள், உள்ளே குழாய் மூட்டுக் கழன்றால் கம்பளம் போச்சு. துணியை மென்மையான பிரஷ்ஷால் கழுவி, வருஷத்துக்கு ஒருதரம் தண்ணீர் ஒட்டாத மருந்து பூசுங்கள். ஜெற் வோஷ் வேண்டாம். நனைந்த கூரையை மடித்துவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காருக்குள் சில்லறைக் காசுகூட விடாதீர்கள்: கள்ளனுக்குக் கிடைப்பது ஒரு பவுண், உங்களுக்குப் போவது ஒரு கூரை.

பின்சீற்றைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகு நிமிர்ந்த சீற், உயரமான ஆளுக்கு முழங்கால் இடிக்கும். சாப்பில் முன்சீற் பெல்ற் சீற்றோடேயே இருப்பதால் ஏறும்போது காலில் மாட்டாது. அப்படியும் சேலையோடு அம்மாவால் ஏற முடியவில்லை. அதனால் ஈலிங் அம்மன் கோயில் தேருக்கு அவ முன்சீற், பிள்ளைகள் பின்னால். கூரையைத் திறந்தேன். “முப்பதுக்கு மேலை ஓடாதை, கொண்டை பறக்குது” என்றா. அடுத்த கிழமை வடிகாலைக் குத்தினபோது நைலோன் கயிற்றின் நுனியில் காய்ந்த மல்லிகை இதழ் நாலு வந்தது.