ஐரிஷ் ஓரங்க நாடகங்களை மேடையேற்றுவது எப்படி?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டப்ளினில் உருவான ஓரங்க நாடகங்களை மேடையேற்ற விரும்புவோர், அவற்றின் தொன்மத்தைக் கையிலெடுக்கும் முன், அந்தத் தொன்மம் வந்து நுழைகிற வீட்டை மேடையில் நிலைநிறுத்த வேண்டும். கவிஞர் யேட்ஸும் நாடகாசிரியர் கிரிகோரி சீமாட்டியும் சேர்ந்து எழுதி, 1902 ஏப்ரலில் அரங்கேறிய 'கேத்லீன் நி ஹூலிஹன்' நாடகத்திலிருந்து தொடங்கலாம்.

கதை 1798இல், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான ஐரிஷ் கிளர்ச்சிக்கு உதவப் பிரெஞ்சுப் படை கரையிறங்கிய கில்லாலாவுக்கு அருகிலுள்ள ஒரு குடியானவர் வீட்டில் நடக்கிறது. மறுநாள் மூத்த மகன் மைக்கேலுக்குத் திருமணம். மருமகள் கொண்டுவரும் நூறு பவுண்டு சீதனத்தைக் கொண்டு பத்து ஏக்கர் நிலம் பிடிக்கலாம் என்று தந்தை பீட்டர் கணக்குப் போடுகிறார். இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். பணப்பையைத் தொடும் கையிலும், தாய் பிரிஜெட் பிரித்துப் பார்க்கும் திருமண உடையிலும் அக்குடும்பத்தின் நிலப்பசி தெரிந்தால்தான், மைக்கேல் பின்னர் எதைத் துறந்து கிளர்ச்சியில் சேரப் போகிறான் என்பது பார்வையாளருக்கு உறைக்கும்.

அடுத்து வரும் கிழவி, வீட்டில் அந்நியர்கள் மிகுந்துவிட்டார்கள், தன் நான்கு பசும் வயல்கள் பறிபோயின என்கிறாள். கிழவி அயர்லாந்தின் உருவகம்; அவ்வயல்கள் அல்ஸ்டர், மன்ஸ்டர், லென்ஸ்டர், கொனாக்ட் என்னும் அந்நாட்டின் நான்கு மாகாணங்களே. ஆயினும் நடிகை அதைப் பிரகடனமாக முழங்கக் கூடாது. நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு விதவையோ இவள் என்று பீட்டர் உண்மையாகவே ஐயுறும் அளவுக்கு அவள் பேச்சு இயல்பாக இருக்க வேண்டும். முதல் அரங்கேற்றத்தில் இவ்வேடம் ஏற்றவர் விடுதலை இயக்கத்தில் புகழ்பெற்றிருந்த மாட் கான் என்பதால், அவர் உள்ளே வந்ததுமே அவையோருக்கு நாடு நினைவுக்கு வந்திருக்கும். நம் நடிகைக்கு அந்த வசதி கிடையாது, ஆகவே அந்த உணர்வைப் படிப்படியாகத்தான் எழுப்ப முடியும்.

அயர்லாந்தைப் பெண்ணாகக் காணும் பழைய கவிமரபைப் பின்பற்றி, கிழவி இறுதியில் இளம்பெண்ணாகிறாள். அந்த மாற்றத்தை நாடகம் மேடையில் காட்டுவதில்லை. கிழவியைப் பார்த்தாயா என்ற கேள்விக்கு, அரசியின் நடையுடைய ஓர் இளம்பெண்ணைக் கண்டதாக இளைய மகன் பேட்ரிக் விடை சொல்கிறான், அவ்வளவே. ஒளிவித்தைகளைத் தவிர்த்து, சிறுவனை மிக எளிமையாகப் பேசவிடுங்கள்.

நாடகாசிரியர் ஜே. எம். சிங் எழுதி, 1904இல் அரங்கேறிய 'ரைடர்ஸ் டு த சீ' நாடகத்துக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள அரன் தீவுச் சகோதரிகள், கடலில் மாண்ட அண்ணனின் காலுறையில் விடுபட்ட நான்கு கண்ணிகளை எண்ணித்தான் அது அவனுடையது என்று அறிகிறார்கள். ஆதலால் உண்மையாகவே பின்னிய காலுறை கையில் இருக்கட்டும், விரல்கள் கண்ணிகளை எண்ணட்டும். அதே காட்சிக்குப் பின் தாய் மௌர்யா வந்து, இறந்த மகன் சாம்பல் நிற மட்டக்குதிரை மீது வரக் கண்டதாகச் சொல்லும்போது, அவையோர் அவளை நம்பத் தயாராக இருப்பார்கள். சவப்பெட்டிக்கு ஆணி வாங்க அவள் மறந்துவிட்டாள் என்ற சிறு வசனத்தையும், நேரம் போதவில்லை என்று ஒருபோதும் வெட்டிவிடாதீர்கள்.