சிறிய பூக்கடை தொடங்குவோர் அறிய வேண்டியவை

பூக்கடையில் காலையில் வாங்கிய சரக்கை இரவுக்குள் விற்றாக வேண்டும். மறுநாளைக்கு மிஞ்சும் மல்லிகை பெரும்பாலும் நட்டக் கணக்கில்தான் சேரும். பூக்கட்டுவதை வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம், கூலிக்குக் கட்டித் தருவோரிடமும் கொடுக்கலாம். இன்று எந்தப் பூவில் எவ்வளவு எடுப்பது என்ற கணிப்பை மட்டும் கடைக்காரர் தாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

எதை வாங்குவது என்பதைக் கடை அமையும் இடமே முடிவு செய்யும். கோயில் வாசலில் அரளி, துளசி, வில்வம், சிறு மாலைகள் போகும். பேருந்து நிறுத்தத்திலும் காய்கறிச் சந்தை ஓரத்திலும் மாலை நேரத்தில் தலைக்குச் சூடும் மல்லிகை, முல்லை, பிச்சி, கனகாம்பரம் போகும். கோயிலடியில் ஏற்கெனவே கடைகள் வரிசையாக இருந்தால், வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பும் வழியில் ஓரிடம் தேடுவதே நல்லது. மேற்கு பார்த்த கடையாக இருந்தால் விற்பனை சூடுபிடிக்கும் வேளையில் வெயில் நேராகப் பூவின் மேல் விழும் என்பதால், முதல் செலவாக ஒரு படுதா கட்டிவிட வேண்டும்.

மதுரை மாட்டுத்தாவணி, சென்னை கோயம்பேடு, நிலக்கோட்டை, தோவாளை போன்ற சந்தைகளில் விலை வரத்தையும் முகூர்த்தத்தையும் பொறுத்து ஒரே நாளில்கூட ஏறி இறங்கும். மார்கழி, தை மாதங்களில் பனியால் மல்லிகை விளைச்சல் குறையும். அதே வேளையில் தை முகூர்த்தங்களுக்குத் தேவை கூடுவதால் கிலோ விலை ஆயிரங்களைத் தொடுவது வழக்கம். அத்தகைய நாட்களில் சிறு கடைக்காரர் மல்லிகையைப் பாதியாகக் குறைத்து, பார்வைக்கு மல்லிகை போலிருக்கும் காக்கரட்டானும் சம்பங்கியும் கனகாம்பரமும் சேர்த்து எடுக்கலாம். ஆனால் காக்கரட்டானை மல்லிகை என்று சொல்லி விற்கக் கூடாது. பூ வாங்குவோர் மணத்திலேயே அதைக் கண்டுகொள்வார்கள், மறுபடி வரமாட்டார்கள்.

மூட்டையின் மேற்பரப்பை மட்டும் பார்த்து விலை பேச வேண்டாம். கையை அடிவரை விட்டுப் பார்த்தால், நடுவில் சூடேறியிருப்பதும் எடைக்காகத் தண்ணீர் தெளித்திருப்பதும் தெரிந்துவிடும். பச்சை சாயல் மாறாத இளமொட்டு சரியாக விரியாது, காலையிலேயே விரிந்தது மாலைவரை தாங்காது. நன்கு முற்றி வெளுத்து, இறுக மூடியிருக்கும் மொட்டே வேண்டும்.

விலை வைப்பதில்தான் புதியவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். முழம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், பலகையில் ஒன்றரை அடிக்கு ஒரு கோடு போட்டு அதையே அளவாகக் கொள்வது நல்லது. பிறகு 100 கிராம் மொட்டை எடைபோட்டு, வழக்கமான நெருக்கத்தில் கட்டி, எத்தனை முழம் வருகிறது என்று அளந்து பாருங்கள். 4 முழம் வருவதாகவும் கிலோ 800 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு முழத்துக்குப் பூவின் அடக்கமே 20 ரூபாய் ஆகிறது. அதன்மேல் நார், கட்டுக்கூலி, வண்டி வாடகை, விற்காமல் போகும் பூவின் பங்கு ஆகியவற்றைச் சேர்த்த பிறகே இலாபம் பார்க்க வேண்டும். வாங்குவோர் பேரம் பேசும்போது விலையை ஓரளவு விட்டுக்கொடுத்தாலும், சரத்தை இடைவெளி விட்டுக் கட்டி ஈடுசெய்ய முயல வேண்டாம்.

கட்டிய சரத்தை ஈரத்துணிக்குள் வாழையிலையில் சுற்றி வைத்தால் எளிதில் வாடாது. நீரில் நனைத்தால் மொட்டு கறுக்கும். தெர்மாக்கோல் பெட்டியில் பனிக்கட்டி வைப்போர், அது பூவின் மேல் படாதபடி இடையில் தடித்த துணி விரிக்க வேண்டும். செவ்வந்தியைக் குவித்து வைத்தால் நடுவில் அழுகும், ஆகவே பரப்பி வைப்பதே முறை. தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், கட்டித் தருவதற்கும் இலையே போதும்.

கடை வைத்தால் உள்ளாட்சி அமைப்பிடம் தொழில் உரிமம் பெற வேண்டும். நடைபாதையில் விற்போர் 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி பதிவு செய்து சான்று பெறலாம். அவர்களுக்காக மத்திய அரசு 2020-இல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் பிணையில்லாக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம்.

அன்றாட வருமானத்துக்கு நிலையான அடிப்படை வாடிக்கைப் பூதான். கடைகளில் சாமி படத்துக்கும் வீடுகளில் பூசைக்கும் தினமும் பூப் போட்டு மாதக் கணக்கில் பணம் வாங்குவோர், காலையில் எடுக்கும் சரக்கில் ஒரு பங்கு உறுதியாக விற்கும் என்று நம்பி வாங்கலாம். கல்யாண மாலைக்கு ஒப்புக்கொள்ளும்போது பூவின் வகை, நீளம், சேர்க்க வேண்டிய நேரம் ஆகியவற்றை எழுதி, பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள்; முகூர்த்தத்தன்று விலை ஏறினால் எவ்வளவு கூட்டித் தருவார்கள் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாவிட்டாலும், ஆடி வெள்ளிகளில் அம்மன் கோயில்களுக்கு அரளியும் செவ்வந்தியும் நிறையப் போகும். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கமாலையும் அருகம்புல்லும் வேண்டும். ஆகவே பஞ்சாங்கத்தைக் கடையிலேயே வைத்துக்கொண்டு, வாங்கியது, விற்றது, கழித்தது ஆகிய மூன்றையும் தினமும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சில வாரங்களிலேயே, வெள்ளிக்கிழமைக்கு எத்தனை கிலோ, செவ்வாய்க்கு எத்தனை கிலோ என்பது அந்த நோட்டிலிருந்தே தெரியத் தொடங்கும்.