வெளியூர் மேட்ச் கதைகளைக் கேட்டு எழுதுவது எப்படி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எழுபது எண்பதுகளில் வெளியூருக்கு ஃபுட்பால் பார்க்கப் போன பெரியவர்களிடம் "சண்டை நடந்ததா ஐயா" என்று எடுத்ததும் கேட்காதீர்கள். லாரியிலா பஸ்ஸிலா போனீர்கள், யார் காசு போட்டது, எங்கே சாப்பிட்டீர்கள் என்று ஆரம்பித்தால் கல்லெறி, ரெஃப்ரியைத் துரத்தியது எல்லாம் தானாக வரும். வருஷம் ஞாபகம் இல்லையா? இந்திரா காந்தி இறந்த 1984க்கு முன்னாலா, எம்.ஜி.ஆர். மறைந்த 1987க்கு அப்புறமா என்று கேளுங்கள். வெறும் வீரக்கதையாகவே போனால் யாருக்கு அடிபட்டது என்றும் கேட்டே ஆகவேண்டும், ஏனென்றால் இது விளையாட்டில்லை: 1980 ஆகஸ்ட் 16இல் கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற இரண்டு ஃபுட்பால் கிளப்புகளின் ரசிகர்கள் மோதியதில் 16 பேர் செத்தார்கள். பெரியவர் சொன்ன மேட்சைப் பற்றி எதிரணி ஊர்க்காரரிடமும் கேளுங்கள், ஒரு தரப்பை மட்டும் எழுதுவது அநியாயம். அடிபட்டவர் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் போடுங்கள்.