கிணற்றடிச் செவ்வரத்தையை வேரோடு பெயர்த்து நடுவது எப்படி?

கனகராயன்குளத்தில் அம்மாவின் கிணற்றடியில் நின்ற அடுக்குச் செவ்வரத்தையைக் கிளிநொச்சியில் எங்கள் புது வளவுக்குக் கொண்டுவந்தோம். என்னைவிட உயரம், அடித்தண்டு 2 அங்குல மொத்தம். "தடி முறிச்சு ஊண்டினாலே வருமே மோனே, ஏன் இந்தப் பாடு?" என்றார் அம்மா. வரும்தான். ஆனால் இந்த மொத்தத்துக்கு வர எத்தனை மாரி பார்க்க வேண்டும்!

முதலில் மழையைப் பாருங்கள்

புரட்டாசித் தொடக்கத்தில் வேர் வெட்டி, ஐப்பசியில் இரண்டு மூன்று மழை விழுந்ததும் மரத்தை எடுப்பது நல்லது. கார்த்திகை அடைமழை வரை இழுத்தால் மண் சேறாகி வேரை விட்டுவிடும். கோடையில் வேண்டவே வேண்டாம். முன்பு ஒருமுறை பங்குனியில் அவசரப்பட்டு ஒரு நந்தியாவட்டையைத் தண்டில் பிடித்துத் தூக்கினேன். மண் பொலபொலவென்று கொட்டியது. பத்து நாளில் விறகு.

வேர் வெட்டுதல்

இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். மரம் பிழைப்பதே இதில்தான். தண்டின் மொத்தத்தைப் போல் 10 முதல் 12 மடங்கு அகலத்தில், வேரோடு சேர்ந்து வரும் மண்கட்டி வேண்டும். 2 அங்குலத் தண்டென்றால் 2 அடி அகலம். அந்த அளவில் மரத்தைச் சுற்றி வட்டம் கீறி, ஆறு பங்காகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாக மூன்று பங்கில் மட்டும் ஓரடி ஆழத்துக்குக் கான் வெட்டுங்கள். தடித்த வேரை மண்வெட்டியால் கொத்திச் சிதைக்காமல் மரம் அறுக்கும் வாளால் அறுங்கள். பிறகு உக்கிய மாட்டெருவும் மண்ணும் கலந்து கானை மூடி, ஆறு கிழமை ஈரம் காயாமல் தண்ணீர் விடுங்கள்.

ஆறாம் கிழமை விரலால் மெல்லக் கிளறிப் பார்த்தேன். அறுத்த வாயைச் சுற்றி வெள்ளை நூலாய்க் குஞ்சு வேர்கள். புது இடத்தில் தண்ணீர் குடிக்கப்போவது இவைதான்.

எடுக்கும் நாள்

முதல் நாள் மாலை நன்றாக நனையுங்கள். கொப்புகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, மிச்சத்தைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுங்கள். குஞ்சு வேர் அறாதபடி பழைய வட்டத்துக்கு மூன்று அங்குலம் வெளியே கிண்டி, அலவாங்கை அடியில் கொடுத்து நெம்புங்கள். சாய்த்துச் சாக்கை உள்ளே தள்ளி, மண்கட்டியை இறுக்கிக் கட்டுங்கள். 100 கிலோவைத் தாண்டும். நாலு பேர் தேவை. தூக்குவது சாக்கில், தண்டில் அல்ல. நாங்கள் பட்டா லொறியில் ஏற்றினோம். ஏ9 வீதிக் காற்று இலையைக் காய்ச்சிவிடும், ஈரச் சாக்கால் மூடுங்கள்.

புதுக் குழி

மரம் வருமுன்பே குழி தயாராக இருக்க வேண்டும். அகலம் மண்கட்டியைப் போல் இரண்டு மடங்கு, ஆழம் மண்கட்டியின் உயரமளவே. போர் நடந்த எங்கள் மண்ணில் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும்: கிண்டும்போது சந்தேகமான இரும்பு ஏதும் தெரிந்தால் தொடாமல் விலகி, பொலிஸின் 119க்கு அறிவியுங்கள்.

பழைய மண்மட்டம் தண்டில் கறையாய்த் தெரியும். அதே மட்டத்தில் வைத்து, கிண்டிய மண்ணால் பாதி மூடி, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்தபின் மிச்ச மண். சுற்றிப் பாத்தி கட்டி வைக்கோல் போடலாம். கறையான் ஏறாமலிருக்கத் தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள். காற்றில் ஆடாமல் தடி ஊன்றி, இரண்டு கிழமை கிடுகால் நிழல் கொடுங்கள். மழை இல்லாத நாளில் தண்ணீர் கட்டாயம்.

இலை கொட்டினால்

கொட்டும். எங்களுடையது எட்டாம் நாள் மொட்டையாக நின்றது. நகத்தால் பட்டையைச் சுரண்டினேன், உள்ளே பச்சை. பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் யூரியா கொண்டுவந்து தந்தார், வாங்கி வைத்துவிட்டேன். புதுத் துளிர் விரிந்து உள்ளங்கை அகலம் வரும்வரை எந்த உரமும் வேண்டாம்.