நியூயார்க் சப்வேயில் முதல் முறை வாசிக்கப் போகிறவர்களுக்கு

நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் வாசிக்க உரிமம் வாங்க வேண்டுமா என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். மின் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிப்பதானால் உரிமமும் வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆனால் எங்கே நிற்கலாம், எவ்வளவு ஒலி எழுப்பலாம் என்பதற்குத் துல்லியமான விதிகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்கள்தான் முதல் நாளே மனம் நொந்து திரும்புகிறார்கள். நான் அங்கே புல்லாங்குழல் வாசிக்கிறவன் என்பதால், கர்நாடக இசை வாசிக்கிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதற்படி: உங்கள் விசாவைப் பாருங்கள். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர் வாசித்துப் பணம் பெறுவது அனுமதியற்ற வேலையாகக் கருதப்படக்கூடும். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவு பெறும்வரை நன்கொடைக்காக வாத்தியப் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: விதியை அச்சிட்டுப் பையில் வையுங்கள். சப்வே நடத்தை விதிகளில் 1050.6 என்ற பிரிவின் 'சி' உட்பிரிவு, கலை நிகழ்த்துவதையும் அதற்கு நன்கொடை பெறுவதையும் வெளிப்படையாக அனுமதிக்கிறது. இந்த உரிமை எளிதில் வந்ததல்ல. 1936இல் மேயர் லா கார்டியா காலத்தில் நகரத் தெருக்களில் இசைக்கத் தடை வந்தது, அது நீங்க 1970 ஆயிற்று. சப்வேக்குள் இருந்த தடையோ, 1985இல் ரோஜர் மானிங் என்ற கிட்டார் கலைஞர் மீதான வழக்கில், அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் சொன்ன பிறகுதான் தளர்ந்தது. இருந்தாலும் காவலர் எல்லோருக்கும் விதி தெரியும் என்று நம்பிவிட முடியாது. 2014 அக்டோபரில் புரூக்ளினில் ஒரு நிலையத்தில் பாடிக்கொண்டிருந்த இளைஞரிடம் வந்த காவலர், கலை நிகழ்ச்சிக்கு அனுமதி உண்டு என்ற வரியைத் தம் வாயாலேயே உரக்கப் படித்துவிட்டு, அதற்குப் பிறகும் அவரைக் கைது செய்தார். சுற்றி நின்ற பயணிகள் அதைப் படம் பிடித்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த நாள் முதல் நான் அச்சிட்ட தாள் இல்லாமல் வாசிக்கப் போவதில்லை.

மூன்றாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுப்பது. ஓடும் ரயில் பெட்டிக்குள் வாசிப்பதை நிறையப் பேர் செய்தாலும் அது விதிமீறல். நிலையச் சாவடியிலிருந்து (ஊழியர் உட்காரும் கண்ணாடி அறை) 25 அடியும், ரயில்வே அலுவலகம் என்று குறிக்கப்பட்ட வாயிலிலிருந்து 50 அடியும் தள்ளி நிற்க வேண்டும். சாதாரண நடையில் 25 அடி என்பது ஏறத்தாழப் பத்து எட்டு, வாசிக்கத் தொடங்குமுன் நடந்து எண்ணிக்கொள்ளுங்கள். படிக்கட்டு, நகரும் படிக்கட்டு, லிஃப்ட் ஆகியவற்றுக்குப் போகும் வழியை மறிக்கவும் கூடாது, பழுதுபார்ப்பு நடக்கும் இடத்தில் வாசிக்கவும் கூடாது. தொடங்கிய புதிதில் நான் ஒருமுறை படிக்கட்டின் அடியில் நின்று வாசித்தேன். எதிரொலி அங்கே அருமையாக இருந்தது, ஆனால் ரயில் வந்ததும் இறங்கிவந்த கூட்டம் என் மேல் மோதி நின்றது. தள்ளிப் போகச் சொன்ன காவலர் சொன்னது சரிதான். முதுகுக்குப் பின்னால் ஓடு பதித்த சுவரும் முன்னால் அகன்ற நடைபாதையும் உள்ள இடமே நல்லது. டிக்கெட் வாயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவில் இருக்கும் மெசனைன் தளத்தில் அப்படிப்பட்ட இடங்கள் கிடைக்கும்.

நான்காம் படி: ஒலி அளவு. உங்களிடமிருந்து 5 அடி தொலைவில் அளந்தால் 85 டெசிபலைத் தாண்டக் கூடாது, நிலையச் சாவடிக்கு 2 அடி தொலைவில் அளந்தால் 70 டெசிபலைத் தாண்டக் கூடாது. புல்லாங்குழலும் வீணையும் வாசிப்பவர்களுக்குப் பெரும்பாலும் கவலை இல்லை. தவிலும் நாதஸ்வரமும் அந்த எல்லையைச் சுலபமாகக் கடந்துவிடும். கைபேசியில் ஒலி அளக்கும் செயலியைப் போட்டு நண்பரை 5 அடி தள்ளி நிற்க வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நம்மவர்கள் சறுக்குவது சுருதியில்தான். நடைமேடையில் எந்த வகை ஒலிபெருக்கும் கருவியும் கூடாது என்பது விதி. கைபேசியில் தம்பூரா செயலியைப் போட்டு அதைச் சிறிய புளூடூத் ஸ்பீக்கரில் இணைத்தால், அந்த ஸ்பீக்கரே குற்றமாகிவிடும். பழைய துருத்திச் சுருதிப் பெட்டியைக் காலடியில் வைத்து ஒருவர் இயக்கினால் சிக்கல் இல்லை. தனியாகப் போகிறவர் ஒரு காதில் மட்டும் தம்பூராவைக் கேட்டுக்கொண்டு வாசிக்கலாம். குளிர்காலத்தில் மூங்கிலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து குழலின் சுருதி இறங்கும், கோடையில் நடைமேடையின் வெக்கையில் ஏறும். ஆகவே போனவுடன் தொடங்காமல் பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றிவிட்டுச் சுருதியைச் சரிபாருங்கள்.

ஐந்தாம் படி: என்ன வாசிப்பது. மெசனைனில் ஆள் உங்களைக் கடக்கச் சில நொடிகளே ஆகும். அங்கே ஆலாபனை எடுபடாது, எந்த நொடியில் காதில் விழுந்தாலும் பிடித்துக்கொள்ளும் பல்லவி வேண்டும். நடைமேடையில் அடுத்த ரயில் வரும்வரை அவர்கள் அங்கேயேதான் நிற்பார்கள். ஆகையால் ஐந்து நிமிடத்தில் முடியும் தில்லானாவோ சிறு கீர்த்தனையோ அங்கே நன்றாகப் பொருந்தும். ரயில் உள்ளே நுழையும் இரைச்சலோடு போட்டி போடாமல் ஸ்வரத்தை இழுத்துப் பிடித்து நிறுத்துங்கள், கதவு மூடி ரயில் நகர்ந்ததும் அதே இடத்திலிருந்து தொடருங்கள். அறிவிப்பு வரும்போது நிறுத்துவது விதிப்படி கட்டாயம்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் முதலிலேயே சில ஒரு டாலர் நோட்டுகளைப் போட்டு வையுங்கள். குறுந்தகடு விற்பது வணிகமாகிவிடும், அதற்கு இங்கே இடமில்லை. கிடைக்கும் நன்கொடை வருமானம் என்பதால் வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

காவலர் கிளம்பச் சொன்னால் வாத்தியத்தை இறக்கிவிட்டுத் தாளைக் காட்டி, "எந்த விதியை மீறினேன், எங்கே நின்றால் சரி?" என்று அமைதியாகக் கேளுங்கள். அப்படியும் போகத்தான் வேண்டும் என்றால் கிளம்பிவிடுங்கள். இடம், நேரம், அவர் சட்டையில் இருக்கும் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பிறகு முறையாகப் புகார் எழுதலாம்.

மேலே தெருவில் ஒலிபெருக்கியோடு வாசிக்க விரும்புகிறவர், குறைந்தது 5 நாள் முன்னதாக அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் விண்ணப்பித்து 45 டாலர் கட்டி அனுமதி பெற வேண்டும். சப்வேயில் நிலையான இடமும் நேர ஒதுக்கீடும் வேண்டும் என்பவர்களுக்கு, ரயில்வேயே 1985இல் தொடங்கிய 'மியூசிக் அண்டர் நியூயார்க்' திட்டம் இருக்கிறது. அதில் சேரத் தேர்வு வாசிப்பு உண்டு, நடுவர்கள் முன் கிடைப்பது ஐந்து நிமிடம்தான். ஒரு வருடம் நடைமேடையில் வாசித்துவிட்டு அந்தத் தேர்வுக்குப் போங்கள், ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையில் ராகத்தைக் காட்டிப் பழகிய கைக்கு அந்த ஐந்து நிமிடம் போதும்.